இல்லாத காமாலைக்குப் பத்தியம்

எங்கள் வீட்டில் யாருக்கும் மஞ்சள் காமாலை வந்ததில்லை. ஆனாலும் ஒரு வருஷத்துக்கு மேல் எங்கள் அடுப்பில் காமாலைப் பத்தியம்தான் வெந்தது. உப்பில்லாத மோர்ச்சோறு, எண்ணெய் படாத சுரைக்காய், விடிந்ததும் வெறும் வயிற்றில் அரைத்த கீழாநெல்லி. அதைச் சாப்பிட்டவள் என் ஓரகத்தி, என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அக்காவுக்கு வந்தது மனநோய். அந்தச் சொல் அப்போது எங்களிடம் இல்லை. இருந்த சொல்லை அவளைப் பார்த்துச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் காமாலை என்றோம்.

ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு எப்போதும் விடிந்தும் விடியாத வேளைதான் கண்முன் வருகிறது. மத்தியான வெயிலும் இருந்திருக்கும், தாடிக்கொம்புக் கோயில் கூட்டமும் இருந்திருக்கும், மாமியாரிடம் நான் வாங்கிய வசவுகள் நிச்சயமாக இருந்தன. ஞாபகம் அதையெல்லாம் எங்கேயோ போட்டுவிட்டது. மிச்சம் இருப்பது எங்கள் மல்லிக்காடு, பனி, சிறுமலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறம், நாலு பாத்தி தள்ளிக் குனிந்து நிற்கும் அக்கா. அவள் இருப்பது சில சமயம் தெரியும், சில சமயம் தெரியாது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டால் இருக்கிறாள் என்று அர்த்தம்.

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனபோது அக்கா நிறைமாதம். குழந்தை பிறந்து இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தது. அதற்குப் பிறகு அக்கா அழவில்லை. எல்லோரும் அவளைத் திடசாலி என்று மெச்சினார்கள், நானும்தான். பத்து நாள் கழித்து அவள் தூங்குவதையே விட்டுவிட்டாள். பூக்காட்டு வாய்க்கால் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டு, ஓடுகிற தண்ணீரைப் பார்த்து உதட்டில் விரலை வைப்பாள். "சத்தம் போடாத. புள்ள தூங்குது." தண்ணீர் கேட்கவில்லை. பிறகு தண்ணீர் அவளிடம் பேச ஆரம்பித்தது.

வேப்பிலை அடித்தார்கள். கயிறு கட்டினார்கள். ஒரு மந்திரவாதி அவள் தலையிலிருந்து கால்வரை மஞ்சளைக் கரைத்து ஊற்றி மூன்று நாள் துடைக்கக் கூடாது என்றான். திண்டுக்கல்லில் ஒரு கம்பவுண்டர்தான், ஏன் இப்படிப் போட்டு வதைக்கிறீர்கள், மெட்ராசில் இதற்கென்றே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, கொண்டுபோங்கள் என்றார். மூத்தார் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைப் பூட்டினார். அக்காவின் கணவரான அவர் எப்போதுமே பேச்சைச் செலவழிக்காத மனிதர்.

ஊர் முனையில் தண்ணீர்க்குடத்தோடு வந்த ஒருத்தி வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே அக்கா முகம், கழுத்து, கை எல்லாம் மஞ்சளாக உட்கார்ந்திருந்தாள்.

"என்னத்தா, காமாலையா?"

"ஆமாத்தா" என்றார் என் மாமியார்.

அவ்வளவுதான். யாரும் திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை. கேட்டவளே எடுத்துக் கொடுத்தாள், மாமியார் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்து அக்கா திரும்பி வந்தாள். திண்டுக்கல் ஸ்டேஷனுக்கு நானும் போயிருந்தேன். ரயில் புகை கலைந்தபோது பிளாட்பாரத்தில் கொஞ்சம் பருத்த, முடி கழுத்தளவு வெட்டிய ஒருத்தி நின்றாள். என்னைப் பார்த்து மெதுவாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு உதட்டுக்கு வந்து சேர நேரம் பிடித்தது. வழியெல்லாம் அவள் குதிரைவண்டிக்குள் தூங்கினாள். மாமியார் அந்த நேரத்தில் எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தார். அவளுக்குக் காமாலை வந்தது, தாய்வீட்டில் இருந்து வைத்தியம் பார்த்தது, முடி கொட்டியதால் வெட்டியது. வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள் என்பது யாருக்கும் மறந்துவிட வேண்டாம். அந்தப் பெண் என் நாத்தனார், அப்போது பதினேழு வயது. வண்டியில் என் மடியில்தான் சாய்ந்திருந்தாள்.

மறுநாள் முதல் ஊர் வர ஆரம்பித்தது. ஒருத்தி கீழாநெல்லிக் கட்டு கொண்டுவந்தாள். ஒருவர் இளநீர்க் குலை. இன்னொருத்தி வெள்ளாட்டுப் பால் தினமும் தருவதாகச் சொல்லி, சொன்னபடியே தந்தாள். ஒவ்வொருவரும் அக்காவை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துக் கண்ணிமையைக் கீழே தள்ளிப் பார்த்தார்கள்.

"கண்ணு தெளிஞ்சிருச்சு. நகத்துலதேன் இன்னும் செத்த மஞ்ச நிக்கிது."

இல்லாத மஞ்சளை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. காமாலைக்காரிக்கு உப்பும் புளியும் எண்ணெயும் ஆகாது. சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒருத்தி அகப்பை இரவலுக்கோ நெருப்புக்கோ வந்து நிற்பாள். அவள் கண் அக்காவின் தட்டில் விழும். ஆகவே பத்தியத்தை மாமியார் விடவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய மாத்திரையோ அக்காவுக்கு அசுரப் பசியைக் கொடுத்தது. பசி ஒரு பக்கம், உப்பில்லாத சோறு ஒரு பக்கம். நடுவில் அவள் மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டு, பிசைந்துகொண்டே இருப்பாள்.

மாத்திரைப் பொறுப்பு என்னுடையது. எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தேன், அந்த வீட்டில் அது கலெக்டர் படிப்புக்குச் சமம். டாக்டர் சீட்டை நான்தான் படித்துச் சொன்னேன். காலையில் ஒன்று, படுக்கும்போது இரண்டு. வெயிலில் நிற்கக் கூடாது, தோல் வெந்துவிடும். குணமாகிவிட்டது போலத் தெரிந்தாலும் நிறுத்தக் கூடாது. மாத்திரைகளைக் கடுகு டப்பாவில் ஒளித்து வைத்தேன். வெளியாள் இருந்தால், "அக்கா, கடுகு எடுத்துத் தரவா" என்று கேட்பேன். கடுகு எதற்குக் காமாலைக்காரிக்கு என்று ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை.

வெயில் ஆகாது என்பதால் அக்காவுக்கு விடியற்காலை மட்டும்தான் வெளி உலகம். அதனால்தான் நாங்கள் இருவரும் மல்லிக்காட்டுக்கு எல்லோருக்கும் முன்னால் போனோம். அன்று சாயங்காலம் மலரப்போகிற மொட்டைத்தான் பறிக்க வேண்டும், நாளைய மொட்டைச் செடியில் விட்டுவிட வேண்டும். அந்த அரை இருட்டில் கண் உதவாது, விரல்தான் பார்த்துச் சொல்லும். அக்காவின் விரல்கள் மாத்திரையால் நடுங்கின. ஒரு மொட்டைப் பிடிக்க மூன்று தடவை முயல்வாள். நான் எவ்வளவு வேகமாகப் பறிப்பவள் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, அவள் ஒன்று பறிக்கும் நேரத்தில் நானும் ஒன்று பறித்தேன். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். நாளாக நாளாக அந்த நிதானம் எனக்கே பிடித்துப்போயிற்று. ஒரு பாத்தி முடிவதற்குள் ஏதோ ஊர் தாண்டிப் போய்வந்த மாதிரி இருக்கும்.

அங்கேதான் அவள் பேசினாள். வீட்டில் பேச முடியாத எட்டு மாதமும் அந்தப் பாத்திகளுக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக வந்து இறங்கியது.

"அங்கன ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். கீழ பூரா ரோஸ் கலர் பூவா கொட்டிக் கெடக்கும். நாங்க எல்லாரும் வரிசையா ஒக்காந்திருப்போம். யாரும் ஒண்ணும் பேச மாட்டோம். அம்புட்டு நிம்மதியா இருக்கும்."

இன்னொரு நாள், பக்கத்துக் கட்டில்காரி பற்றிச் சொன்னாள். அவள் தெலுங்கு மட்டும் பேசுவாள், அக்காவுக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. தினமும் காலையில் அவள் அக்காவுக்குத் தலை வாரி விடுவாள், அக்கா அவளுக்கு வாரி விடுவாள். வெட்டிய முடியில் வாருவதற்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் வெகுநேரம் வாருவார்கள்.

"அவளுக்கு ஒரு கார்டு போடணும்டி. நான் நல்லா இருக்கேன்னு. அவ வீட்டு விலாசம் எனக்கு மனப்பாடம்."

"போடலாம்க்கா."

"எப்பிடிப் போடுவ? போஸ்ட்மேன் படிச்சுப்புடுவானே."

பனிக்குள் அவள் விரல்கள் மொட்டைத் தேடிக்கொண்டிருந்தன. எட்டு மாத வாழ்க்கையை வாயில் அடக்கிக்கொண்டு இருப்பது என்ன கஷ்டம் என்று எனக்கு அன்றைக்கு முழுதாகத் தெரியவில்லை. கொஞ்சம் தெரிந்தது, அதனால் மறுநாள் முந்தானையில் ஒரு துண்டு சுட்ட கருவாட்டை முடிந்துகொண்டு போனேன். வாய்க்கால் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து, இருவரும் பழைய சோற்றுக்கு அதுவே வெஞ்சனமாகச் சாப்பிட்டோம். மல்லி வாசனைக்கு நடுவில் கருவாட்டு வாசனை காடெல்லாம் நின்றது. பக்கத்துக் காட்டில் பறித்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தாள். நான் துண்டை முழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"காத்து இன்னைக்கு நல்லா வருதுல்ல" என்று சொல்லிவிட்டு அவள் குனிந்துகொண்டாள்.

அந்தத் தை மாதம் நாத்தனாருக்கு ஆயக்குடிப் பக்கத்திலிருந்து சம்பந்தம் வந்தது. கொய்யாத்தோப்பு வைத்திருந்த குடும்பம். அவர்கள் வீடு பார்க்க வரும் நாளில் அக்கா தூங்கி வழிந்தால் என்ன செய்வது என்று மாமியாருக்கு ஒரே பயம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏத்தா, அந்த மாத்திரைய ஒரு பத்து நா பாதியாக் குடு. செத்த சுறுசுறுப்பா இருக்கட்டும்" என்றார். குணமானாலும் நிறுத்தக் கூடாது என்று சீட்டில் படித்தவள் நான்தான். நிறுத்தச் சொல்லவில்லையே, குறைக்கத்தானே சொல்கிறார் என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அவள் கை நடுங்குவதைத் தினமும் பார்க்கிறவளுக்கு அது பெரிய தப்பாகவும் தோன்றவில்லை. எட்டாம் வகுப்பு அறிவு.

வீடு பார்க்க வந்தார்கள். அக்கா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, கலகலவென்று பேசி, மாப்பிள்ளையின் அம்மாவுக்கே காபி நுரைக்க ஆற்றிக் கொடுத்தாள். "ஏனுங்க, உங்க பெரிய மருமக வீட்டுக்கே வெளக்குங்க" என்று அந்த அம்மாள் மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனார். கூடை நிறையக் கொய்யாப்பழம் வைத்துவிட்டுப் போனார்கள். பரிசம் போட நாளும் குறித்தாயிற்று. வீடே மிதந்தது. நானும் மிதந்தேன்.

இரண்டு நாள் கழித்து நான் காட்டுக்குப் போவதற்குள் அக்கா அங்கே இருந்தாள். கூடை நிரம்பியிருந்தது. விரல்கள் நடுங்கவில்லை, பறந்தன. எனக்கு முதலில் சந்தோஷம்தான். கிட்டே போய்க் கூடைக்குள் கை விட்டுப் பார்த்தேன். எல்லாம் பச்சை மொட்டு. நாளைக்கும் நாளை மறுநாளும் மலர வேண்டியது, ஒரு வாரம் கழித்து மலர வேண்டியது, எல்லாவற்றையும் உருவியிருந்தாள். பின்னால் நாலு பாத்தி வெறும் இலையாக நின்றது.

"அக்கா" என்றேன்.

அவள் கை நின்றது. என்னைப் பார்க்காமல் வாய்க்காலைப் பார்த்தாள்.

"ரெண்டு நாளா அது மறுபடி பேசுதுடி. நான் கேக்காத மாதிரி இருக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "மாத்திரையக் கொறச்சியா?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமியார்மேல் பழியைப் போடலாமா என்று ஒரு கணம் நினைத்ததை மறைக்க மாட்டேன். பிறகு ஆமாம் என்றேன். அவள் திட்டவில்லை. அந்தப் பச்சை மொட்டுகளைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு நின்றாள். கிழக்கே வெளுத்தது. அவள் வெயிலுக்கு முன்னால் வீட்டுக்குப் போயாக வேண்டும், இருவரும் அசையவில்லை.

"எனக்கு வந்த சீக்கை ஆளாளுக்குப் பங்கு போட்டு வச்சிருக்கீக. மாத்திரை ஒங்கிட்ட. பத்தியம் அத்தைகிட்ட. ஆஸ்பத்திரிச் சீட்டு அவுககிட்ட. எங்கிட்ட என்னடி இருக்கு? எனக்கு என்ன வந்துச்சுன்னு சொல்லக்கூட எனக்கு உரிமை இல்ல. எங்கிட்டக் குடுத்துருங்க. நானே பாத்துக்கிறேன்."

அன்றைக்கே கடுகு டப்பாவை அவள் கையில் கொடுத்தேன். அவள் மாத்திரைகளை எடுத்து ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டுத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். மாமியார் முறைத்தார், ஆனால் உருவிப்போன நாலு பாத்தியைப் பார்த்துவிட்டு வந்திருந்ததால் வாயைத் திறக்கவில்லை. வாய்க்கால் மறுபடி வெறும் தண்ணீராக ஆவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதம் முழுக்க நான் அவள் கூடவே இருந்தேன், மாத்திரை மட்டும் அவள் கையில். விழுங்கிவிட்டு என்னைப் பார்ப்பாள். சரி என்பதுபோல் நான் தலையை ஆட்டுவேன். அதற்குமேல் எனக்கு அதில் வேலை இல்லை. உதவி என்பதில் அந்த அளவு போதும் என்று தெரிந்துகொள்ள எனக்கு அத்தனை நாள் பிடித்தது.

பரிசத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது கீழத்தெருத் தென்னந்தோப்பு வீட்டு அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் மருமகள் புதுசு, பத்தொன்பது வயதுகூட இருக்காது. அந்தப் பெண்ணை ஒரு மாதமாக வெளியே யாரும் பார்க்கவில்லை. அம்மாள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மழை பற்றிப் பேசி, கடைசியில் மெல்லச் சொன்னார்.

"எங்க வீட்டுப் புள்ளைக்கும் காமாலைத்தா. ஒங்க மருமகளுக்கு எந்த வைத்தியத்துல நல்லாச்சு? அதைச் சொன்னா நாங்களும் அங்கனயே போவோம்."

மாமியார் ஒரு நொடி விழித்தார். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்காவின் முறம் நின்றது எனக்குக் கேட்டது.

"கீழாநெல்லிதேன்" என்றார் மாமியார். "வெள்ளாட்டுப் பால்ல. உப்பை ஒதுக்கிரணும்."

அம்மாள் இன்னும் கொஞ்ச நேரம் எதற்கோ காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, "அப்ப வாரேன்" என்று போய்விட்டார்.

நாலு நாளில் செய்தி வந்தது. தோப்பு வீட்டுப் பெண் இரண்டு தடவை கிணற்றுப் பக்கம் ஓடியிருக்கிறாள். இப்போது பழைய புடவையால் காலை ஆட்டுக்கல்லோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள். விடாமல் கீழாநெல்லி கொடுக்கிறார்கள், உப்பை நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் இறங்கவில்லை. சொன்னவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து மாமியார் எதிரில் நின்றாள்.

"அத்தை, நான் போயி சொல்லப்போறேன்."

மாமியார் முதலில் கோபப்பட்டார். பிறகு அந்தக் கோபம் எங்கோ போய், அவர் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"எட்டு நா பொறுத்தா. பரிசம் முடியட்டும். ஒன் காலப் புடிச்சுக் கேக்குறேன், அந்தப் புள்ள வாழ்க்கையப் பாரு."

நாத்தனார் அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அக்கா அவளைப் பார்த்தாள், அவள் அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை, ஏனென்றால் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது.

"எட்டு நா அவ தாங்க மாட்டா" என்றாள் அக்கா. "எனக்குத் தெரியும்."

மத்தியானம். நல்ல வெயில். அக்கா படி இறங்கிவிட்டாள். நான் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். இந்த ஒரு மத்தியானம்தான் என் ஞாபகத்தில் முழுசாக இருக்கிறது. தெரு வெளுத்துக் கிடந்தது, எங்கள் காலடியில் ஒரே ஒரு நிழல், அதற்குள் இரண்டு பேரும் தோள் இடித்துக்கொண்டு நடந்தோம். கீழத்தெரு அவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. நடக்க நடக்க அது நீண்டுகொண்டே போனது.

தோப்பு வீட்டு அம்மாள் கதவைத் திறந்தார். அக்கா உள்ளே போகாமல் வாசலில் நின்றே சொன்னாள்.

"எனக்குக் காமாலை வரலம்மா. எனக்குப் புத்தி தடுமாறிப்போச்சு. மெட்ராஸ் ஆஸ்பத்திரில எட்டு மாசம் இருந்தேன். இப்பவும் மாத்திரை சாப்புடுறேன். அந்தப் புள்ளைய அவுத்து விடுங்க. அங்கன கூட்டிட்டுப் போங்க."

அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தெரியுந்தா" என்றார். "ஊருக்கே தெரியும். நீ வண்டியில போனப்பவே தெரியும். ஒங்க அத்தை காமாலைன்னுச்சு, சரி, அது வாயால சொன்னது அப்பிடியே இருக்கட்டும்னு நாங்களும் இருந்தோம். எந்த ஆஸ்பத்திரி, யாரைப் பாக்கணும், அதைக் கேக்கத்தேன் அன்னைக்கு வந்தேன். எப்பிடித்தா வாய் விட்டுக் கேப்பேன்? அது கீழாநெல்லிங்குது."

கண்ணிமையைத் தள்ளிப் பார்த்தவர்கள், நகத்தில் மஞ்சள் கண்டவர்கள், தினமும் ஆட்டுப்பால் தந்தவள், கருவாட்டு வாசனைக்குக் காற்றைப் புகழ்ந்தவள், அத்தனை பேரும் தெரிந்தே செய்திருக்கிறார்கள். ஒரு ஊரே எங்கள் மானத்துக்காகப் பத்தியம் காத்திருக்கிறது. அது அவ்வளவும் எங்கள்மேல் பிரியம். அதே பிரியம்தான் உள்ளே ஒரு பெண்ணை ஆட்டுக்கல்லில் கட்டி வைத்திருந்தது.

அக்கா உள்ளே போய் அந்த முடிச்சை அவிழ்த்தாள். அந்தப் பெண் ஓடவில்லை. அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆயக்குடிக்குச் செய்தி போக மூன்று நாள்கூட ஆகவில்லை. மாப்பிள்ளையின் அம்மா தானே வந்தார், மரியாதையாகத்தான் பேசினார். "நோவு யாருக்குத்தானுங்க வராது. எங்ககிட்ட மறைச்சுப்போட்டீங்களே, அதுதானுங்க மனசுக்கு ஆகல." சம்பந்தம் முறிந்தது. நாத்தனார் அக்காவிடம் ஒரு வருஷம் பேசவில்லை. பின்னால் அவளுக்கு ரெட்டியார்சத்திரத்தில் நல்ல இடம் அமைந்து பிள்ளைகுட்டிகளோடு இருந்தாள், ஆனாலும் ஆயக்குடிக் கொய்யாவை அவள் வீட்டில் கடைசிவரை வாங்கவில்லை. அதைக் கேலியாகச் சொல்லிச் சிரிக்கும் தைரியம் எங்கள் யாருக்கும் வந்ததில்லை.

தோப்பு வீட்டுப் பெண் மெட்ராசுக்கு வரச் சம்மதித்தாள், ஆனால் அக்கா கையை விட மாட்டேன் என்றாள். அவள் கணவன் வந்து எங்கள் வாசலில் நின்றான். அந்த ஆஸ்பத்திரி வாசலை மறுபடி பார்ப்பதா என்று நான் அக்காவுக்காகப் பயந்தேன். மூத்தாரும் பயந்தார். மாமியார் எங்கள் யாரையும் பார்க்காமல், "அவ மட்டும் தனியாப் போகக் கூடாது, நீயும் கூடப் போ" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கட்டுச்சோறு கட்ட ஆரம்பித்தார். புளிச்சோறு, நல்லெண்ணெய் ஊற்றி.

நாங்கள் நாலு பேரும் மெட்ராஸ் போய் இறங்கியபோது காலை. ரயிலில் நான் ஒரு பொட்டுத் தூங்கவில்லை. அக்கா நன்றாகத் தூங்கினாள், அந்தப் பெண் அவள் தோளில். நீளமான மதில் சுவர் ஒன்று வந்தது, வந்துகொண்டே இருந்தது. அதற்குப் பின்னாலிருந்து யாரோ பாடுவது கேட்டது, யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது. அக்கா சொன்ன கதைகளில் அமைதியான மரம் இருந்தது, தலை வாருகிற தோழி இருந்தாள், இந்தச் சத்தம் இல்லை. கேட்டின் கம்பிகள் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருந்தன. என் கையிலிருந்த மூட்டை ஆடியது. கம்பிகளை அண்ணாந்து பார்த்து வாயைத் திறந்தபடி நின்றேன்.

காவலாளி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பெரியவளாகத் தெரிந்த அக்காவிடம் வந்தார்.

"யாரும்மா பேஷண்ட்? இவங்களா?" என்று என்னைக் காட்டினார்.

அந்தப் பெண்ணின் கணவன் பதறினான். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு உதட்டுக்கு வருவதற்கு நேரமே பிடிக்கவில்லை.

"அவ என் தங்கச்சி. எனக்குத் தொணைக்கு வந்தவ" என்றாள். "பேஷண்டு இந்தப் புள்ள. நானும் இங்கன எட்டு மாசம் இருந்தவதேன்." எந்த ஊர் என்று கேட்டால் ஊர்ப் பெயர் சொல்வதுபோல அதைச் சொன்னாள். காவலாளி தலையை ஆட்டிவிட்டுக் கேட்டைத் திறந்தார்.

அவர்கள் மூவரும் உள்ளே போய்விட்டார்கள். நான் மட்டும் மூட்டையோடு வெளியே நின்றேன். அவளுக்கு மாத்திரை கொடுத்தவள், சீட்டுப் படித்தவள், குடை பிடித்தவள் எல்லாம் நான்தான். அந்தக் கம்பிக்கு உள்ளே ஒரு அடி எடுத்து வைக்க என்னால் முடியவில்லை.

அக்கா திரும்பி வந்தாள். மூட்டையை என் கையிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாடி. நான் இருக்கேன்ல."